டீலோபேஸில் (செல் பிரிவின் கடைசிக் கட்டத்தில்) உட்கரு உறை தெரியவில்லை, செல் கெட்டுவிட்டதா?

முதுகலை மாணவி:
வணக்கம். ஹீலா செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்) பிரிவதைப் படமெடுக்கிறேன். அடையாளம் காண, குரோமோசோமுக்குச் சிவப்பாக ஒளிரும் ஹிஸ்டோன் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்), உறைக்கு ஜிஎஃப்பி-லாமின் ஏ (பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி இணைத்த, உறையின் உட்பக்கப் புரதம்). அனாபேஸில் (டீலோபேஸுக்கு முந்தைய கட்டத்தில்) குரோமோசோம்களின் இரண்டு தொகுதியும் ஒழுங்காக விலகுகின்றன. கால் மணி நேரம் ஆகியும் தெளிவான பச்சை வளையம் வரவில்லை. சைட்டோபிளாசம் முழுக்க மங்கலாகப் பரவிக் கிடக்கிறது. லேசர் ஒளியில் செல் அடிபட்டுவிட்டதா? சவ்வுக் குமிழிகள் சேர்ந்துதான் உறை உருவாகும் என்று புத்தகம் சொல்கிறது; அந்தக் குமிழிகளும் கண்ணில் படவில்லை.

ஆய்வக நண்பர்:
பயப்படாதீர்கள், இது வழக்கமாக நடப்பதுதான். லாமின் ஏ கடைசியில் வந்து சேருவது. சவ்வு மூடி, உட்கருத் துளைகள் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அதில் பெரும்பகுதி உள்ளே போகும். போனாலும் முதலில் உள்ளே பரவி நிற்கும். ஓரத்தில் வளையமாகப் படிய ஜி1 (பிரிவு முடிந்தபின் வரும் கட்டம்) வரை இழுக்கும்.

சவ்வு அதற்கு முன்பே வந்துவிடும். ஹீலாவில் அனாபேஸ் தொடங்கிச் சுமார் 10 நிமிடத்தில் குரோமோசோம்களைச் சுற்றிவிடுகிறது. குமிழிச் சித்திரம் தவளை முட்டைச் சாற்றில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. சாறு எடுக்கும்போதே எண்டோபிளாச வலை (செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலை) துண்டுதுண்டாகிவிடும், அதனால் அங்கே குமிழி தெரியும். உயிருள்ள செல்லில் அந்த வலையே நேராகக் குரோமோசோம் மேல் படர்கிறது. சைக்ளின் பி அழிந்து, அது இயக்கும் சிடிகே1 (பிரிவை நடத்தும், புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) அடங்கியதும், எல்பிஆர், எமரின் போன்ற சவ்வுப் புரதங்களின் பாஸ்பேட் கழன்று, குரோமோசோம் மேல் அவற்றின் பிடிமானம் திரும்புகிறது. ஆகவே லாமினுக்குப் பதில், சவ்வைக் காட்டும் செக்61 (எண்டோபிளாச வலையின் புரதம்) அல்லது எல்பிஆர் போட்டுப் பாருங்கள். 30 விநாடிக்கு ஒரு படம் எடுங்கள்.

இன்னொருவர்:
சுற்றியதும் மூடியதும் வேறு வேறு. கதிர்நுண்குழல்கள் (குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைகள்) நுழைந்திருக்கும் இடங்களில் ஓட்டை மிச்சம் இருக்கும். சிஎச்எம்பி7 என்ற புரதம் வழியாக எஸ்கார்ட்-3 (சவ்வை மூடி ஒட்டும்) புரதங்கள் அங்கே கூடி ஓட்டையை அடைக்கின்றன; ஸ்பாஸ்டின் என்ற நொதி நுண்குழலை வெட்டிவிடுகிறது. 2015-இல் வந்த ஆய்வுகள் இதைக் காட்டின. அடைபட்டதா என்று தெரிய, உட்கருவுக்குள் நுழையும் சமிக்ஞை சேர்த்த ஜிஎஃப்பி போதும். உள்ளே சேர்ந்து நின்றால் அடைபட்டது, கசிந்தால் இல்லை.

முதுகலை மாணவி:
மிக்க நன்றி! அப்புறம், சில சேய்ச் செல்களில் பக்கத்தில் குட்டி உட்கரு ஒன்று இருக்கிறதே?

ஆய்வக நண்பர்:
அனாபேஸ் படங்களில் பின்தங்கிய குரோமோசோம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியே விழுந்தது தனக்கென்று உறை கட்டிக்கொள்ளும். அந்த உறை நலிந்தது, இன்டர்பேஸில் (இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலத்தில்) கிழியும், டிஎன்ஏ சேதமாகும். ஒன்றிரண்டு இல்லாமல் உட்கருவே பல துண்டாகத் தெரிந்தால் பிஏஎஃப் என்ற புரதத்தின் பக்கம் சந்தேகப்படுங்கள். குரோமோசோம்களின் வெளிப்பரப்பைக் குறுக்கே பிணைத்து, சவ்வு இடையில் புகாமல் காப்பது அதுதான். எதுவானாலும் அந்தச் செல்களை நேரக் கணக்கில் சேர்க்காமல் தனியே எண்ணுங்கள்.