கிராம சபைத் தீர்மானத்தின் நகல் கிடைக்கவில்லை, அடுத்து என்ன செய்வது?

அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் தெரு வடிகாலுக்குத் தீர்மானம் போட்டோம். பதிவேட்டில் தீர்மானத்துக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே நாலு வரி காலியாகக் கிடந்தது, அப்போதே உறுத்தியது. இன்றுவரை நகல் தரவில்லை.

மூன்று முறை நேரில் போனேன், "அப்புறம் வாங்க" என்பதுதான் பதில். சரி என்று அக்டோபர் 13 அன்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. 30 நாள் கழிந்ததும் நவம்பர் 20-இல் முதல் மேல்முறையீடு. அதை முடிக்க வேண்டிய 45 நாளும் போய்விட்டது.

மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் ஜனவரி 26 கிராம சபை வருகிறது. அங்கே அதே தீர்மானத்தை மறுபடி வைத்தால், பழைய தீர்மானத்தின் நகலைக் கேட்கும் என் மேல்முறையீடு பலவீனமாகுமா?