அரபெழுத்துச் சுவாஹிலிக் கடிதங்கள்: வாசிக்கத் துணை வேண்டும்

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில், லாமு, சான்சிபார் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் அரபெழுத்தில் எழுதப்பட்ட சுவாஹிலி வணிகக் கடிதங்களைப் எழுத்துப்பெயர்த்து எழுத, அரபுத்தமிழ் (அரபெழுத்தில் எழுதிய தமிழ்) ஏடு படித்துப் பழகியவர்களின் உதவி தேவை.

சிக்கல் இதுதான். பழைய எழுத்தர்கள் பலர் 'ப'வின் இரு ஒலிகளுக்கும் (p, b) பே (ب) என்ற ஒரே அரபெழுத்தைப் போட்டார்கள். அதற்கு முன் வரும் 'ம்' ஒலியையும் விட்டுவிடுவார்கள். ஆகவே இரண்டு பே வரும் ஒரு சொல்லை அப்பா (baba), சுறா (papa), பருத்தி (pamba) என மூன்றாகவும் வாசிக்கலாம். சரக்குக் கணக்கில் பருத்தி சுறாவானால் ஆய்வே கெட்டுவிடும். உயிர்க்குறிகளிலும் இதே குழப்பம்: இ, எ இரண்டுக்கும் ஜேர் என்ற கீழ்க்குறி. உ, ஒ இரண்டுக்கும் பேஷ் என்ற மேற்குறி. அரபுத்தமிழில் புள்ளி கூட்டிப் புது எழுத்து உண்டாக்கினார்களே, அந்த வசதி இங்கே பெரும்பாலும் இல்லை.

தேதியிலும் கவனம் வேண்டும். ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) 1307 என்று மட்டும் இருந்தால் 1889 ஆகஸ்ட் முதல் 1890 ஆகஸ்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். மாதம் தெரியாமல் ஒற்றை ஆண்டாக மாற்றாதீர்கள். அங்கே நாள் மாலையில் தொடங்குவதால் 'வெள்ளி இரவு' என்பது நம் கணக்கில் வியாழன் இரவு. மணியையும் மாலை ஆறிலிருந்து எண்ணுவதால் 'இரவு மூன்று மணி' என்றால் நம் இரவு ஒன்பது மணி.

கேட்பது இரண்டு: ஐயமான எழுத்தை நீங்கள் எழுத்துப்பெயர்ப்பில் எப்படிக் குறிக்கிறீர்கள்? எழுத்துக்கு எழுத்து ஒரு வரி, வாசிப்பு ஒரு வரி என இரட்டை வரியில் தட்டச்சிட எது எளிது? மாதிரிப் பக்கம் இருந்தால் பகிருங்கள்.