தெருநாய், மாடு பற்றி மூன்றாம் வகுப்புக்கு என்ன செயல்பாடு வைக்கலாம்?

மூன்றாம்வகுப்பு_டீச்சர்
வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 26 பிள்ளைகள். பள்ளி வாசலில் எப்போதும் நான்கைந்து நாய்கள். சிலர் கல்லெடுக்கிறார்கள், சிலர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிடுகிறார்கள். 40 நிமிடப் பாடவேளை மூன்று ஒதுக்கலாம். சார்ட், கிரேயான், பழைய துணி உண்டு, புரொஜெக்டர் இல்லை. ‘விலங்குகளிடம் அன்பு’ என்று படம் வரையச் சொல்வதைத் தாண்டி என்ன செய்யலாம்?

பொம்மலாட்டப்பெட்டி
அந்தத் தலைப்பில் வரையச் சொன்னால் பிள்ளை நாயைக் கட்டிப்பிடித்தபடிதான் பெரும்பாலும் படம் வரும். நாய்க்குப் பிடிக்காததே அதுதான். கழுத்தைச் சுற்றிக் கை விழுந்தால் மாட்டிக்கொண்டோம் என்று மிரளும். பிள்ளையின் முகமோ அதன் வாய்க்கு நேராக இருக்கும். அதனால் முதல் பாடவேளையில் நாயின் உடலைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

பெரியவர் சாக்ஸ் ஒன்று போதும். விரல் பக்கத்தை உள்ளே மடக்கினால் வாய். காதுக்கு 5 செ.மீ. துணி முக்கோணம் இரண்டு, உள்ளே அட்டை வைத்து அடிப்பகுதியை மட்டும் தையுங்கள். அப்போதுதான் நிமிர்த்தவும் பின்னால் படுக்க வைக்கவும் முடியும். பசையால் ஒட்டினால் பாதி ஆட்டத்தில் கழன்றுவிடும். வாலுக்குத் துணித்திரி, மறு கையில்.

மூன்று நிலை காட்டுங்கள். உடல் தளர்ந்திருப்பது. வாலை இடுக்கி, காதைப் படுக்க வைத்து, உதட்டை நக்கி முகத்தைத் திருப்புவது, அதாவது பயம். விறைத்து நின்று முறைப்பது. பிள்ளைகள் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை தூக்க வேண்டும். வால் ஆடினாலே பச்சையைத் தூக்குவார்கள். அதற்காகவே விறைத்த வாலை உயர்த்தி வெடுக்வெடுக்கென்று ஒரு முறை ஆட்டிக் காட்டுங்கள். அது சிநேகம் இல்லை.

சிவப்புக்கு ‘மரமாய் நில்’: ஓடாமல், கையைக் கோத்து முன்னால் வைத்து, தன் காலையே பார்த்து நிற்பது. நாய் தள்ளிவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, பிடரியையும் காதையும் கையால் மூடுவது. நாய் வேஷத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இரண்டே நிமிடத்தில் ஓடிப்பிடித்து விளையாட்டாகிவிடும்.

குப்பைமேடு
மாட்டுக்கு ஒன்று. கேரி பேக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை. வாங்க வேண்டாம், வீட்டில் கிடக்கும் பழைய பையைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். கேரட் தோல், வாழைப்பழத் தோல் ஒரு கைப்பிடி போட்டு இறுக்கி முடிச்சிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு பை. கை இரண்டிலும் சாக்ஸ் மாட்டி, பையைக் கிழிக்காமல் ஒரு நிமிடத்தில் தோலை எடுக்கச் சொல்லுங்கள். முடிச்சு வழுக்கும், பை நசுங்கும், தோல் வெளியே வராது. அந்த எரிச்சலோடு இருக்கும்போதே சொல்லுங்கள்: மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்துப் பையோடு விழுங்கிவிடும். பை முதல் இரைப்பையிலேயே தங்கி, முன்பு விழுங்கிய மற்ற பிளாஸ்டிக் பைகளோடு திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், மாடு மெலியும்.

பைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். தலையில் மாட்டிப் பார்க்க ஒருவராவது முயல்வார்.

மூன்றாம்வகுப்பு_டீச்சர்
நன்றி. வகுப்பில் இரண்டு பேர் ஏற்கெனவே கடிபட்டவர்கள், நாய் பேச்செடுத்தாலே ஒடுங்குகிறார்கள். வாசலில் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்றும் எண்ணம்.

கால்நடை_மருந்தகம்
அந்த இருவரைப் பொம்மைக்குப் பக்கத்தில் கூப்பிட வேண்டாம் டீச்சர். பின்வரிசையிலிருந்து அட்டை தூக்கட்டும், போதும்.

கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிள்ளைகளுக்கு 15 நிமிடம் என்றால் எவ்வளவு என்று தெரியாது. ஒரு நிமிடப் பாட்டு ஒன்று கட்டி, கைகழுவும் இடத்தில் 15 முறை பாட வையுங்கள். அலுத்துப்போகும், அந்த நீளம்தான் மனதில் நிற்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ஒன்றையும் விடக் கூடாது. குட்டி கீறி ரத்தம் வந்தாலும் இதேதான், குட்டிக்கும் ரேபிஸ் வரும். திட்டுக்குப் பயந்து கடியை மறைக்கும் பிள்ளைதான் பெரிய ஆபத்தில் இருக்கிறது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

பொம்மையின் ஒரு காதில் சின்ன வெட்டு வையுங்கள். கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்ட நாய்க்கு அந்த அடையாளம். யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். தடுப்பூசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், எனவே அது தொடுவதற்கு அனுமதி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தொட்டி வாசலில் வேண்டாம். மதியச் சோற்று மிச்சமும் அங்கே கொட்டக் கூடாது. நாய்கள் அங்கேயே கூடி இடத்தைக் காவல் காக்கும், மணியடித்ததும் பிள்ளைகள் ஓடிவருவதும் அதே வழிதான். சுற்றுச்சுவருக்கு வெளியே ஒதுக்குப்புறமாக, நிழலில், நாலு அங்குல ஆழச் சிமெண்ட் தொட்டி. பிள்ளைகள் வெளிப்பக்கம் மட்டும் வண்ணம் தீட்டட்டும், உள்ளே அடித்தால் உரிந்து தண்ணீரில் கலக்கும். தண்ணீரைத் தினமும் பெரியவர் ஒருவர் மாற்றட்டும். டெங்கு கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது; வாரம் இருமுறையாவது தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.