கால் நாடிக்குப் பலூன்: ‘அடைப்பு நீக்கம்’ என்பது சரியா?

கல்முனையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சீனி வருத்தக்காரருக்குக் கால் நாடி அடைபட்டு விரல் கறுக்கத் தொடங்கும்போது செய்யும் பலூன் சிகிச்சைக்கு, விளக்கத் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் எழுதுகிறோம். வரைவில் இப்போது இருக்கும் தலைப்பு: ‘குறைந்தபட்ச ஊடுருவல் முறையில் கால் தமனி அடைப்பு நீக்கம்’. கால் கழற்றப் போகிறார்களோ என்ற பயத்தோடு இருப்பவருக்கு இதை வாசித்துக் காட்ட மனம் வரவில்லை. அக்கா, வேறு சொல் சொல்லுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து:

தம்பி, முதலில் ‘ஊடுருவல்’ என்பதை வெட்டுங்கள். போர்க்காலச் செய்திகளில் நம் சனம் கேட்டுக் கேட்டுப் பயந்த சொல் அது. ‘சிறுதுளை’ போதும். ‘தமனி’ தமிழ்நாட்டு வழக்கு. இங்கே பள்ளிக்கூடத்தில் நாடி, நாளம் என்றுதான் படிப்பிக்கிறார்கள். தாளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டப் போவது ஓ.எல். படிக்கும் பிள்ளை. நாடி என்றால் முகத்து நாடியும் கைநாடியும் நினைவுக்கு வருமே என்பீர்கள். ‘கால் நாடி’ என்று சேர்த்தே எழுதினால் அந்த மயக்கம் இல்லை.

எனக்குப் பெரிய கவலை ‘நீக்கம்’ பற்றித்தான். உள்ளே நடப்பது இது. தொடை இடுக்கில் விறைக்கிற ஊசி போட்டு, நாடியைக் குத்தி, கருவிகள் உள்ளே போய்வர 2 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள உறைக்குழாய் ஒன்றை வைக்கிறார்கள். குருதி உறையாதிருக்க ஹெப்பாரின், பெரும்பாலும் 5000 அலகு. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய வயரை அடைப்புக்கு அப்பால் கொண்டுபோவதுதான் கடினமான கட்டம். வயர் தாண்டிவிட்டால் பலூன் அதன்மேல் வழுக்கிப் போகும். தொடையில் 5 அல்லது 6 மில்லிமீற்றர் பலூன், முழங்காலுக்குக் கீழே 2 முதல் 3. எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை நீர்த்து அதால் பலூனை நிரப்புவார்கள். காற்றால் நிரப்பினால், பலூன் வெடித்தால் காற்று குருதிக்குள் போய்விடும். இரண்டு மூன்று நிமிடம் ஊதி வைத்திருந்து, பிறகு சுருக்கி எடுக்கிறார்கள்.

இதில் கொழுப்போ சுண்ணாம்போ ஒரு துளிகூட வெளியே வரவில்லை. வாய்க்காலில் தூர் வாரினால் சேறு வரம்பில் கிடக்கும். இங்கே சேறு வாய்க்காலின் கரையோடு சேர்த்து அமத்தப்படுகிறது, அவ்வளவுதான். படிவு வெடித்து, நாடிச் சுவர் இழுபட்டு, நடுவில் வழி உண்டாகிறது. ‘நீக்கம்’ என்று வாசித்தவர் அடைப்பு போய்விட்டது என்று நம்பி அஸ்பிரினையும் கொழுப்புக் குளிசையையும் விட்டுவிடுவார், பீடியைத் திரும்பப் பிடிப்பார். மாதக்கணக்கில் உட்சுவர் தடித்து அதே இடம் திரும்ப ஒடுங்கும். முழங்காலுக்குக் கீழே இது இன்னும் அதிகம். ஒரு தலைப்புச் சொல்லால் இந்தப் பிழை நேரக்கூடாது. ‘நாடி விரிவு’ என்று வைக்கலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து:

அக்கா சொன்ன காரணம் முழுக்கச் சரி. ஆனால் ‘விரிவு’ வேண்டாம். நாடி தானாகப் புடைத்து விரிவதும் ஒரு நோய்; சொல் அதற்குப் போய்விடும். இது நாம் செய்யும் வேலை, ஆகவே பிறவினை வேண்டும்: ‘விரித்தல்’. ‘அகட்டல்’ என்றும் யோசித்தேன். ‘கால் நாடி அகட்டல்’ என்றால் காலை அகட்டுவது என்று காதில் விழும்.

‘பலூன்’ என்பதைக் கலைச்சொல்லின் தலையில் வைக்கவும் வேண்டாம். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்ல்ஸ் டொட்டர் என்ற வைத்தியர் முதன்முதலில் இதைச் செய்தபோது பலூனே இல்லை. காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பெண்ணின் தொடை நாடியில் வயரை விட்டு, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களை ஏற்றி விரித்தார். கால் தப்பியது. அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற வைத்தியரின் பலூன் 1974இல்தான் வந்தது. கருவி மாறும், செயல் விரித்தல்தான். சுழலும் அலகால் படிவைச் சீவி எடுக்கும் முறையும் உண்டு. அதற்குப் ‘படிவு சீவல்’. அங்கே மட்டும் ‘நீக்கம்’ பொருந்தும்.

ஆபத்துகளையும் விளங்கும் சொல்லில் வையுங்கள். தொடை எலும்பின் தலைக்கு நேர்முன்னே குத்தினால்தான் பிறகு எலும்போடு வைத்து அமத்தி இரத்தத்தை நிறுத்தலாம். அதைவிட உயரத்தில் குத்தினால் இரத்தம் வயிற்றின் பின்பக்கம் கசியும். வெளியே ஒன்றும் தெரியாது. நாரி நோவும், வேர்வையும், இரத்த அமுக்கம் இறங்குவதும்தான் அறிகுறி. ‘உள் இரத்தக்கசிவு’ என்று மட்டும் எழுதினால் இதைச் சொல்ல நோயாளிக்குத் தோன்றாது. படிவுத் துண்டு அடித்துச் செல்லப்பட்டால் விரல் திடீரென்று குளிர்ந்து நீலம் பாயும்: ‘துணுக்கு அடைப்பு’. உட்சுவர் உரிந்து வழியை மறித்தால் ‘உட்சுவர்க் கிழிவு’; பலூனைக் குறைந்த அமுக்கத்தில் இன்னும் சில நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டாவிட்டால் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பார்கள். முழங்கால் மடிப்பில் மடங்கி மடங்கி ஸ்டென்ட் முறியும் என்பதால் அங்கே கூடியவரை தவிர்ப்பார்கள். எக்ஸ்ரே மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதும் தனி வரியாக வரட்டும்.

இன்னொன்று: ‘கணுக்கால்-கை அமுக்க விகிதம்’ (கணுக்காலின் இரத்த அமுக்கத்தைக் கையினதால் வகுத்து வருவது) என்ற வரியின் கீழ் 0.9க்குக் குறைந்தால் நாடி ஒடுக்கம் என்று போட்டிருக்கிறீர்கள். சீனி நெடுநாள் இருப்பவருக்குச் சுண்ணாம்பு படிந்த நாடி, அமுக்கம் பார்க்கக் கட்டும் பட்டிக்கு அமுங்காது, 1.4க்கு மேல்கூட வரும். அதை ‘நல்லம்’ என்று யாரும் வாசித்துவிடக்கூடாது. அப்படியானவருக்குப் பெருவிரல் அமுக்கத்தைப் பார்க்க வேண்டும்.

கல்முனையிலிருந்து:

நன்றி அக்கா, நன்றி சேர். திருத்திய தலைப்பு: ‘சிறுதுளை வழியே கால் நாடி விரித்தல்’. அதன் கீழே முதல் வரி: ‘அடைப்பு உள்ளேயே இருக்கும், வழி மட்டும் திறக்கப்படும். குளிசையை டொக்டர் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம்.’ ‘உறைக்குழாய்’ மட்டும் எனக்கு இன்னும் இடிக்கிறது. தலையணை உறைபோல் ஒலிக்கிறது. ‘வாயிற்குழாய்’ எப்படி?