வீட்டுக்குள் '9 நிமிடம்' என்று காட்டும் பஸ், நிறுத்தத்துக்குப் போனால் போய்விட்டிருக்கிறது. உதவுங்கள்

மாடிவீடு (திங்கள், இரவு 9:40)

வணக்கம். இரண்டு வாரமாக இதே பாடு, யாராவது வழி சொல்லுங்கள்.

சென்னை வேளச்சேரியில் குருநானக் கல்லூரிப் பக்கம் ஒரு புது அடுக்குமாடியில் வாடகைக்கு வந்திருக்கிறோம். எனக்கு வேலை சோழிங்கநல்லூரில். காலையில் 570 பிடித்தால்தான் உண்டு. பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் இலவசச் செயலி ஒன்றை ஒரு வருடமாக வைத்திருக்கிறேன். முந்தின வீட்டில் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பே மாட்டுவேன், ஒருநாளும் ஏமாந்ததில்லை.

இங்கே கதையே வேறு. '570, 9 நிமிடம்' என்று பார்த்துவிட்டு இறங்குகிறேன். லிஃப்ட், கேட், சாலையைக் கடப்பது எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். போய் நின்றால் பஸ் இல்லை. பக்கத்தில் பூக்கட்டும் அம்மாவைக் கேட்டால் "இப்பத்தாம்மா போச்சு" என்கிறார். ஆனால் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் அதே செயலி அடுத்த பஸ்ஸைச் சரியாகச் சொல்கிறது. சாயங்காலம் சோழிங்கநல்லூரில் பார்த்தாலும் சரியாக இருக்கிறது. வீட்டுக்குள் பார்த்தால் மட்டும் இந்தக் கோளாறு.

செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். செயலி சேமித்துவைத்த தற்காலிகத் தகவலை (கேஷ்) அழித்தேன். போனை அணைத்துப் போட்டேன். இருப்பிட அனுமதி கொடுத்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன். போன வாரம் மட்டும் மூன்று நாள் தாமதம். இன்னொரு நாள் ஆனால் அரைநாள் சம்பளம் பிடிப்பார்கள்.

கிண்டிப்பயணி (திங்கள், இரவு 10:05)

நீங்கள் பார்ப்பது அட்டவணை நேரமாக இருக்கலாம். இந்தச் செயலிகளில் இரண்டு வகை நேரம் உண்டு. பஸ்ஸில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி அனுப்புவது ஒன்று, முன்பே போட்டுவைத்த கால அட்டவணை இன்னொன்று. நேரடித் தகவல் என்றால் வரைபடத்தில் பஸ் நகர்வது தெரியும், இல்லாவிட்டால் நேரத்துக்குப் பக்கத்தில் ஏதாவது அடையாளம் இருக்கும். அட்டவணை நேரத்தை நம்பிக் கிளம்பினால் பஸ் முன்பும் போகும், பின்பும் வரும். மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 'சென்னை பஸ்' செயலி 2022 மே மாதம் வந்தது, பஸ் ஓடும் இடத்தையே காட்டும். அதிலும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓஎம்ஆர் ஓட்டம் (திங்கள், இரவு 10:30)

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) தினமும் நெரிசல்தானே. செயலி என்ன செய்யும் பாவம்? அரைமணி முன்னால் கிளம்பிவிடுங்கள்.

மாடிவீடு (திங்கள், இரவு 10:52)

கிண்டிப்பயணி, நேரடித் தகவல்தான். வரைபடத்தில் பஸ் நகர்வதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஓஎம்ஆர் ஓட்டம், நெரிசல் என்றால் பஸ் தாமதமாக அல்லவா வர வேண்டும்? எனக்கு அது முன்னாடியே போய்விடுகிறது. அதோடு ஓஎம்ஆர் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிய பிறகுதான் வருகிறது.

அலைவரிசை (செவ்வாய், காலை 6:15)

வீட்டுக்குள் தப்பு, வெளியே சரி என்றால் பஸ்ஸை விட்டுவிடுங்கள். உங்கள் போன் தன்னை எங்கே இருப்பதாக நினைக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கேள்வி.

வீட்டுக்குள் உட்கார்ந்து மேப்பைத் திறந்தால் நீலப் புள்ளி எங்கே நிற்கிறது? அப்புறம், வை-ஃபை ரூட்டர் புதிதாக வாங்கியதா, பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்ததா?

மாடிவீடு (செவ்வாய், காலை 6:48)

இப்போதுதான் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. நீலப் புள்ளி விஜயநகரில், எங்கள் பழைய வீட்டுத் தெருவில் நிற்கிறது! ரூட்டர் பழையதுதான், கூடவே எடுத்து வந்தோம்.

செயலியில் 570-க்குக் கீழே சின்ன எழுத்தில் 'விஜயநகர்' என்றே போட்டிருக்கிறது. ஒரு வருடம் பார்த்துப் பழகிய பெயர், அதனால் கண்ணில் படவே இல்லை. போன ஞாயிறு சாப்பாடு கொண்டுவந்த தம்பி பழைய வீட்டு வாசலில் நின்று போன் செய்தார். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அலைவரிசை (செவ்வாய், காலை 7:20)

அப்படியானால் அதுதான் காரணம். வீட்டுக்குள் ஜிபிஎஸ் சிக்னல் பலவீனம். அப்போது போன் சுற்றியுள்ள வை-ஃபை ரூட்டர்களின் அடையாள எண்ணைப் பார்க்கும். எந்த ரூட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய பட்டியல் கூகுளிடம் இருக்கிறது. உங்கள் ரூட்டர் அதில் இன்னும் விஜயநகரில்தான் குடியிருக்கிறது.

இனி கணக்கைப் பாருங்கள். கிண்டியிலிருந்து வரும் 570 முதலில் குருநானக் கல்லூரிக்கு வந்துவிட்டுப் பிறகுதான் விஜயநகர் போகும். காலை நேரத்தில் இடையில் பத்து நிமிடம் பிடிக்கும். 'விஜயநகருக்கு 9 நிமிடம்' என்று செயலி சொல்லும் நொடியில் பஸ் உங்கள் வாசலைக் கடந்துகொண்டிருக்கிறது. செயலி சொன்னது உண்மைதான், வேறு நிறுத்தத்துக்கு.

கிண்டிப்பயணி (செவ்வாய், காலை 7:41)

ஒரு சந்தேகம். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து வை-ஃபை பத்தாவது இருக்குமே. ஒரு ரூட்டர் மட்டும் எப்படி ஏமாற்ற முடியும்?

மாடிவீடு (செவ்வாய், காலை 7:50)

புதுக் கட்டடம், பாதி வீடு இன்னும் காலி. எங்கள் தளத்தில் நாங்கள் மட்டும்தான்.

அலைவரிசை (செவ்வாய், காலை 8:02)

சரியான கேள்வி, சரியான பதில். பக்கத்து வீடுகளில் ஆள் வந்து ரூட்டர்கள் பெருகினால் பட்டியல் தானே திருந்தும். அதுவரை காத்திருக்க வேண்டாம்.

முதல் வேலை: செயலியில் 'அருகிலுள்ள நிறுத்தம்' என்பதை விட்டுவிடுங்கள். குருநானக் கல்லூரி நிறுத்தத்தைப் பெயர் சொல்லித் தேடி, பிடித்தவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதே பெயரில் இரண்டு வரும், சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விஜயநகர் திசையில் பஸ் நிற்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இது போதும், நாளைக்கே பஸ் பிடிக்கலாம்.

நீலப் புள்ளியும் திருந்த வேண்டுமானால், போனின் அமைப்புகளில் இருப்பிடச் சேவைகளுக்குள் வை-ஃபை ஸ்கேனிங் இருக்கும். அதையும் வை-ஃபையையும் அணைத்துவிட்டு பால்கனியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள், ஜிபிஎஸ் பிடித்துக்கொள்ளும். நிரந்தரமாக வேண்டுமானால் ரூட்டரின் வை-ஃபை பெயர் முடியும் இடத்தில் ஒரு அடிக்கோடு, அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்தில் என், ஓ, எம், ஏ, பி (_nomap) என்று சேருங்கள். அப்படி முடியும் பெயரைக் கூகுள் தன் பட்டியலில் சேர்க்காது. உடனே நடக்காது, சில நாள் பிடிக்கும்.

வீடுதேடி (செவ்வாய், பகல் 1:10)

இழைக்கு நன்றி. நானும் அந்தப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தரகரோடு போனபோது மேப்பில் சோழிங்கநல்லூருக்கு நேரம் மிகக் குறைவாகக் காட்டியது. அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

மாடிவீடு (செவ்வாய், பகல் 1:35)

வேண்டாம், தயவுசெய்து. ஞாயிறு காலைச் சாலையும் திங்கள் காலைச் சாலையும் ஒன்றல்ல. புறப்படும் நேரத்தைத் திங்கள் 8:30 என்று மாற்றிவைத்துப் பாருங்கள். வீட்டு வாசலையும் நீங்களே வரைபடத்தில் அழுத்தித் தொடக்கமாக வையுங்கள். முடிந்தால் ஒரு வேலைநாள் காலை அந்த நிறுத்தத்தில் அரைமணி நில்லுங்கள். எத்தனை 570 வருகிறது, அதில் எத்தனையில் ஏற முடிகிறது என்று எண்ணிவிட்டு அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள். இந்த வீட்டுக்கு வரும் முன் நான் அதைச் செய்யவில்லை.

மாடிவீடு (வியாழன், இரவு 8:20)

இரண்டு நாளும் பஸ் கிடைத்தது. நேற்று நிறுத்தத்தில் மூன்று நிமிடம் நின்றேன், இன்று இரண்டு. பூக்கட்டும் அம்மா சிரித்தார். அலைவரிசை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ரூட்டர் பெயரையும் மாற்றிவிட்டேன். இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: மாற்றியதும் வீட்டில் உள்ள எல்லாக் கருவியும் அறுந்துவிடும். ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டும். அம்மாவின் போனை விட்டுவிட்டேன், இரண்டு நாளாக அவர் மொபைல் டேட்டாவில் தொடர் பார்த்திருக்கிறார்.