ஃபேட்டி லிவர் இருக்கிற பையனுக்கு இரும்பு மாத்திரை கொடுக்கலாமா? வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கோம். பையனுக்கு 15 வயசு, 84 கிலோ. ஜூன் மாசம் ஸ்கேன்ல ஃபேட்டி லிவர், கிரேடு 2. கல்லீரல் பாதிப்பைக் காட்டற ரத்த டெஸ்ட் எஸ்ஜிபிடி 78. ஹீமோகுளோபின் 11.2தான், ஆனா உடம்புல சேர்த்து வச்சிருக்கற இரும்பைக் காட்டற ஃபெரிட்டின் 210.

ஒரு டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். இன்னொருத்தர் ஃபெரிட்டின் கூட இருக்கு, தொடவே கூடாதுன்னுட்டார். கல்லீரல்ல அழற்சி இருந்தா, உடம்புல இரும்பு குறைஞ்சிருந்தாலும் ஃபெரிட்டின் ஏறிக் காட்டுமாம். அதனால ரத்தத்துல இரும்பு எந்த அளவுக்குப் போய்ச் சேருதுன்னு பார்க்கற டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் டெஸ்ட்டும் எடுத்தோம், 13 சதவீதம். அது குறைவுதான். அப்பவும் ரெண்டு பேரும் சொன்னதுலயே நிக்கிறாங்க. பள்ளிக்கூடத்துல வாரம் ஒருதடவை தர்ற நீல இரும்பு மாத்திரையைக்கூட நிறுத்தி வச்சிருக்கேன்.

கூல்டிரிங்க்ஸ், பரோட்டா கிடையாது. முருங்கைக்கீரை, நெல்லிக்காய் கொடுக்கறோம். சாப்பிட்ட உடனே டீ இல்லை. காலையில சில்வர் பீச்ல நடக்க வைக்கிறேன். மணல்ல கொஞ்ச தூரம் போனதுமே முட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நின்னுடறான், உதடெல்லாம் வெளுத்துப்போகுது. எடை 3 கிலோ இறங்கியும் மூச்சு வாங்கறது குறையல. பிடி மாஸ்டர் சோம்பேறிங்கறார். பிள்ளை சோம்பேறி இல்லைங்க, விடியறதுக்கு முன்னாடி அவனாவே எழுந்து ஷூ மாட்டிக்கிறான்.

அடுத்து ஜிப்மர் போகலாம்னு இருக்கோம். இந்த வயசுப் பிள்ளையை அங்க முதல்ல குழந்தைகள் பிரிவுல காட்டணுமா, கேஸ்ட்ரோ (வயிறு, கல்லீரல்) பிரிவுலயா?