ஸ்ப்ளிட் பின் இருந்தது, நட்டு இறுகவே இல்லை: கூண்டில் வந்த மூன்று சக்கர மோட்டார் வண்டி அனுபவங்கள்

1

பாதி பூட்டிய நிலையில் போக்குவரத்துக் கூண்டில் வரும் வண்டியில் கூண்டைப் பிரிப்பது, ஹேண்டில்பார் மாட்டுவது எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். மனதை விட்டுப் போகாதது பின் ஆக்ஸில் நட்டு.

150 சிசி ஸ்கூட்டர் எஞ்சின், பின்னால் இரண்டு சக்கரம், நடுவில் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு). பின்சக்கரங்கள் தொழிற்சாலையிலேயே மாட்டப்பட்டு வந்தவை. ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மூடியைத் திறந்தால் விளிம்பில் பள்ளம் வெட்டிய கிரீட நட்டு, அதன் பள்ளத்தில் ஸ்ப்ளிட் பின் (இரண்டு கால் உள்ள பூட்டுக் கம்பி), இரண்டு காலும் ஒழுங்காக மடித்திருந்தது. இதைப் பார்க்கிறவர் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பின்னை உருவிவிட்டு நட்டைத் தொட்டால் விரலிலேயே சுற்றுகிறது. ஸ்பேனரே தேவைப்படவில்லை. வண்டி அதற்குள் 40 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாஷரை எடுத்ததும் அதன் பின்னால், ஸ்ப்ளைன் (ஆக்ஸிலும் ஹப்பும் ஒன்றோடொன்று கோக்கும் நீளப் பற்கள்) பற்களுக்கு இடையில், காவி நிறத்தில் மாவு மாதிரி ஒரு பொடி. நனைந்து பிடித்த துரு அப்படி இருக்காது. இரும்பும் இரும்பும் உரசி உதிர்ந்த பொடி அது.

ஸ்ப்ளிட் பின் நட்டைக் கழன்று விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஹப்பை ஆக்ஸிலோடு அழுத்திப் பிடிப்பது நட்டின் இறுக்கம். அது இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்கமும் பிரேக் பிடிக்கும்போது மறுபக்கமுமாக ஹப் ஸ்ப்ளைனில் அடித்துக்கொண்டே இருக்கும். பற்கள் தேய்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, ஹப்பையும் ஆக்ஸிலையும் மாற்ற வேண்டியதுதான். இரு சக்கர வண்டி திருப்பத்தில் சாயும், இது சாயாது. பக்கவாட்டு விசை முழுவதும் ஹப்பிலும் பேரிங்கிலும் இறங்கும், அதிலும் வெளிப்பக்கச் சக்கரத்துக்குத்தான் பெரும் பங்கு.

பின்னை உருவுங்கள், டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள், புதுப் பின் போடுங்கள். துளை பள்ளத்துக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கவே கூடாது.

கையோடு டிஃபரன்ஷியலையும் பார்த்துவிடலாம். இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி இடதை முன்பக்கம் சுற்றினால் வலது பின்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் டிஃபரன்ஷியலைச் சந்தேகிக்கலாம்.

2

எங்கள் பக்கம் பிரச்சினை முன்சக்கரத்தில். கூண்டின் முன் தாங்கியில் ஃபோர்க்கைப் பிடித்திருந்த நீள போல்ட்தான் வண்டியின் முன் ஆக்ஸில். ‘கூண்டு போல்ட்’ என்று நினைத்து அதைக் கூண்டோடு ஒதுக்கிவிட்டால் பிறகு தேட வேண்டியதுதான். உருவுவதற்கு முன் சேஸிக்கு அடியில் மர முட்டு கொடுக்கவும். இல்லாவிட்டால் ஃபோர்க் தரையில் இடிக்கும்.

சக்கரத்தை ஏற்றும்போது ஒரு பக்கம் ஸ்பேசர், மறுபக்கம் ஸ்பீடோமீட்டர் டிரைவ் (சக்கரத்தின் சுழற்சியைக் கேபிளுக்குக் கொடுக்கும் பாகம்). டிரைவுக்குள் இரண்டு சின்னக் காதுகள் உண்டு, ஹப்பில் அதற்கு இரண்டு பள்ளம். காது பள்ளத்தில் உட்காராமல் ஆக்ஸிலை இறுக்கியதில் காது இரண்டும் நசுங்கி, சக்கரம் கல் மாதிரி இறுகி நின்றது. சரியாக உட்கார்ந்தால் டிரைவ் ஹப்போடு ஒட்டிப் படியும். 3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள். டிரைவின் உடம்பில் உள்ள பள்ளம் ஃபோர்க்கில் உள்ள முட்டில் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் டிரைவே சக்கரத்தோடு சுற்றி கேபிளை முறுக்கி அறுத்துவிடும்.

இன்னொன்று: பிரேக் டிஸ்க், பேடுகளுக்கு நடுவில் போகும்வரை பிரேக் லீவரைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், டிஸ்க் நுழையாது.

3

முதல் பதிவில் எழுதியவருக்கு: நட்டு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் டிஃபரன்ஷியல் சோதனை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. கியர்பாக்ஸ் வண்டியில் கியரைப் போட்டு வைத்தால் நீங்கள் சொன்னபடி எதிர்த்திசையில் சுற்றும். பெல்ட் டிரைவ் ஸ்கூட்டர் எஞ்சினில் எஞ்சின் நின்றிருக்கும்போது கிளட்ச் பெல் (கிளட்சின் வெளிக்கிண்ணம்) தனியாகச் சுற்றும். அதனால் டிஃபரன்ஷியலின் வெளிக்கூடும் சேர்ந்து திரும்பும், வலது சக்கரம் அசையாமலும் நிற்கலாம், இடதோடு சேர்ந்தும் போகலாம். அதை வைத்து டிஃபரன்ஷியல் கெட்டுவிட்டது என்று ஒருவர் பிரித்துப் போட்டால் வீண் வேலை. சில மாடல்களில் டிஃபரன்ஷியலே கிடையாது, ஒரே ஆக்ஸில்தான். அதில் இரண்டும் ஒரே திசையில்தான் சுற்றும், அது கோளாறு இல்லை.

போல்ட் தலையில் மஞ்சள் பெயிண்ட் குறி இருந்தால் இறுக்கியாகிவிட்டது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஹேண்டில்பார் கிளாம்பில் நான்கு போல்ட்டிலும் குறி இருந்தது, இரண்டு தளர்ந்திருந்தது. ரெஞ்ச் சொல்வதை மட்டும் நம்புங்கள். 8.8 என்று வலிமைத் தரம் தலையில் பொறித்த எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுக்கு 22 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்10க்கு 45 அளவில். அலுமினியத்தில் ஏறும் போல்ட்டுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், கையேட்டைப் பார்க்கவும், மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

4

பாட்டரியின் ஆவிக் குழாயில் சின்னதாக ஒரு சிவப்பு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் ஆசிட் ஊற்றி சார்ஜ் போட்டதில் பக்கச் சுவர் இரண்டும் உப்பிக்கொண்டது. வாயு வெளியேற வழியில்லை என்றால் வேறென்ன ஆகும், வெடிக்காதது அதிர்ஷ்டம். மூடியை எறிந்துவிட்டு ஆவிக் குழாயை சேஸிக்குக் கீழே வரை இறக்கிவிடுங்கள்.

5

எஞ்சினைக் கிளப்பியதும் ஹேண்டிலை இடது முனைக்குத் திருப்பினால் சத்தம் ஏறுகிறது, நேராக்கினால் இறங்குகிறது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் சேஸி கழுத்துக்குப் பின்னால் இழுபட்டுக் கிடந்தது. முழுத் திருப்பத்தில் வண்டி தானே பாய்ந்திருக்கும். கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வெற்றாட்டம் (கேபிள் இழுபடும் முன் சும்மா சுற்றும் தூரம்) இருக்க வேண்டும், முனைக்கு முனை திருப்பினாலும் அது குறையக் கூடாது.

இது ஒருபுறம். மேலே உள்ளவற்றைப் படித்தபோது யாரும் ஆயிலைப் பற்றிப் பேசவில்லை என்று தோன்றியது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கூண்டில் வரும் வண்டியில் இருக்கும் ஆயிலை நம்பி ஓட்டாதீர்கள். சிலவற்றில் பெயருக்குக் கொஞ்சம் இருக்கும், சிலவற்றில் துளியும் இருக்காது. வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இந்த வகை 150 சிசி எஞ்சினுக்கு 800 மில்லி அளவில் பிடிக்கும். ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்த்தால் அதிகம், குச்சியில் அளந்து நிறுத்துங்கள். சில எஞ்சின்களில் அடியில் உள்ள பெரிய மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கும் வலை வடிகட்டியும் சேர்ந்து விழும், எது முதலில் வந்தது என்று பார்த்துவைத்துக்கொள்ளவும். கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஆயில் தனித்தனி. முதல் 300 கிலோமீட்டருக்குள் எஞ்சின் ஆயிலை மறுபடி வடித்தால் வெள்ளி மினுக்கு தெரியும். புது எஞ்சினில் அது சகஜம், துணுக்குத் துணுக்காக வந்தால்தான் கவலை.

டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ளது) எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே பாருங்கள். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.1 மில்லிமீட்டர். வால்வு இருக்கையில் படியப் படிய இடைவெளி குறையும், அதனால் புது வண்டியில் சில நூறு கிலோமீட்டரிலேயே இன்னொரு முறை பார்க்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போனால் காலையில் கிளம்பாது.

பெட்ரோல் குழாயை வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், கிளிப்போடு சேர்த்து. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில் திறக்கும் பெட்ரோல் டேப் உள்ள வண்டி முதல் தடவை உடனே கிளம்பாது. கார்புரேட்டர் நிறையும்வரை ஐந்து வினாடி செல்ஃப், அரை நிமிடம் ஓய்வு என்று விட்டுவிட்டு அடியுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும்.

எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரெகுலேட்டரைக் குறை சொல்வதற்கு முன் எர்த் வயரின் வளையத்துக்கு அடியில் பாருங்கள். பெயிண்ட்டின் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள். சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டினாலே பாதிக் கோளாறு தீரும்.

சேஸி எண்ணையும் கூண்டைப் பிரித்த அன்றே காகிதத்தோடு ஒப்பிடுங்கள். 17 இடம் இருக்க வேண்டும், சீனத் தயாரிப்பு என்றால் ‘எல்’ எழுத்தில் தொடங்கும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பதிவின்போது நிற்கும்.

6

முதல் பதிவு எழுதியது நான்தான். மூன்றாவது பதிவின் திருத்தம் சரி, ஏற்கிறேன். பெல்ட் டிரைவ் வண்டியில் டிஃபரன்ஷியலைப் பார்க்க இப்படிச் செய்யலாம்: இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, கிளட்ச் பெல்லை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒரு சக்கரத்தைச் சுற்றட்டும், மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

கைப்பிரேக்கையும் அதே நிலையில் பார்த்துவிடுங்கள். லீவரை ஒவ்வொரு பல்லாக இழுத்து, இரண்டு சக்கரத்தையும் மாறி மாறிச் சுற்றினால் இரண்டும் ஒரே பல்லில் உரசத் தொடங்க வேண்டும். இந்த வண்டியில் இடது மூன்றாம் பல்லில் பிடித்தது, வலது ஆறில். அந்த நிலையில் சரிவில் நிறுத்தினால் ஒற்றைச் சக்கரம்தான் வண்டியைத் தாங்கும். வலது டிரம்மின் கேபிள் நட்டை நான்கு சுற்று ஏற்றியதும் இரண்டும் நான்காம் பல்லில் வந்து நின்றன.

ஆக்ஸில் நட்டுகளை 50 கிலோமீட்டர் கழித்துத் திரும்பப் பார்த்தாகிவிட்டது. வலது அப்படியே இருந்தது. பொடி உதிர்ந்த இடது மட்டும் இன்னும் ஒரு பள்ளம் ஏறியது.